சின்னச் சில்லுதான், டீச்சர்

டயரின் உள்பக்கத்தில் கையை வைத்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. மழைத் தண்ணீர், சேறு, பிரேக் பிடித்து இறங்கி வந்த சூடு. விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுத் தடவினேன். சுருக்கென்று ஏதோ குத்தியது. கையை இழுத்துப் பார்த்தால் நடுவிரல் நுனியில் ஒரு பொட்டு இரத்தம்.

டயருக்குள்ளே கம்பி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது வெளியே வந்து ஆளைக் குத்தும் என்பது அன்றுதான் தெரிந்தது.

பன்விலப் பக்கமிருந்து வத்தேகமவுக்கு இறங்குகிற பாதை அது. ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் ஒரு மதில்கூட இல்லாத பள்ளம். பாடசாலை விட்டு வந்துகொண்டிருந்தோம். காரை நான் நிறுத்தியது ஏதோ கண்டுபிடித்ததால் அல்ல. பக்கத்துச் சீட்டில் இருந்த ஃபர்ஸானா, "மிஸ், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, சத்தி வருது" என்று வாயைப் பொத்தினாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அந்தப் பாதையின் வளைவுகள் வயிற்றில் பிள்ளை இல்லாதவர்களுக்கே குமட்டலைக் கொடுக்கும்.

ஓரமாக அவள் குனிய, நான் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இடதுபக்க முன்சில்லு கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே நிறுத்தியிருந்ததால் டயரின் உள்முகம் வெளியே தெரிந்தது. சில்லின் தலை காருக்குள் சாய்ந்தும், கால் வெளியே தள்ளியும் நின்றது. சப்பாத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து நடப்பவரின் கால் மாதிரி. அதைப் பார்த்துத்தான் குந்தியிருந்து கையை வைத்தேன்.

"என்ன மிஸ் பாக்குறீங்க?"

"ஒண்டுமில்லை பிள்ளை. நீர் முகத்தைக் கழுவும்."

விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தேன்.

தைரியசாலி என்று எழுதியவருக்கு

சென்ற வாரம் என் முதல் நியமனத்தைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்த வாசகர் ஒருவர் 'நீங்கள் ஒரு தைரியசாலி' என்று செய்தி அனுப்பியிருந்தார். என் கணவரிடம் காட்டினேன். இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"பாவம், ஆளுக்கு உம்மைத் தெரியாது" என்றார்.

நான் பயந்தவள். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கரப்பான் பூச்சிக்கும் பேய்க்கும் பயந்தவள் அல்ல. சத்தத்துக்குப் பயந்தவள். யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் சத்தத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடத் தெரியும். இது எங்கே விழுந்தது, அடுத்தது எங்கே விழும், இப்போது பங்கருக்குள் ஓடுவதா, சோற்றைச் சாப்பிட்டு முடிப்பதா. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம் அது.

கலியாணம் முடித்துக் கண்டிக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் மாடிவீட்டுக்காரர் கதிரையை இழுத்தால் என் தோள் தானாகக் குறுகும். இவர் சிரிப்பார். பேராதனையில் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர், அங்கே கண்ணாடிக் குவளை உடைந்தாலும் திரும்பிப் பார்க்காத மனிசன்.

கார் ஓட்டப் பழகியது நாற்பத்தைந்துக்குப் பிறகுதான். பன்விலப் பக்கம் ஒரு பாடசாலைக்கு மாற்றம் வந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்ததில் முதுகு போய்விட்டது. பழக்கியவர் ஒவ்வொரு நாளும் என்னை ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்வார். பின்னால் லொறி நிற்கும். கார் ஓர் அங்குலம் பின்னே சரியும். அந்த ஓர் அங்குலத்தில் என் உயிர் போய் வரும். எப்படியோ லைசன்ஸ் கிடைத்தது.

பிறகு மடவளையில் ஃபர்ஸானா ஏறத் தொடங்கினாள். எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த விஞ்ஞான டீச்சர். முதல் நாளே அவளுடைய உம்மா சந்தி வரை வந்து, காரின் கண்ணாடிக்குள் குனிந்து, "மகளை உங்கட பொறுப்புல உடுறேன் டீச்சர்" என்றார். பயந்தவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அன்றிலிருந்து ஸ்டியரிங்கை நான் இரண்டு கையாலும்தான் பிடிக்கிறேன்.

உள்பக்கம் மட்டும்

டயர் தேய்கிற கதை அந்த வருடம் பாடசாலையின் முதலாம் தவணையிலேயே தொடங்கியது. கார் கழுவக் கொடுத்த இடத்தில் ஒருவர் கூப்பிட்டுக் காட்டினார். இடதுபக்க முன்டயரில் வெளிப்பக்கத்து றப்பர்க் கட்டைகள் புதிது போல இருந்தன. உள்பக்கம் மட்டும் வழுவழுவென்று மொட்டையாகியிருந்தது. வெளியே நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. குந்தியிருந்து தலையைச் சரித்தால்தான் தெரியும். இடுப்பு வலி உள்ள எத்தனை பேர் அப்படிப் பார்க்கிறார்கள்?

நான் பயந்து போனேன். மற்ற எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது.

"கண்டி ரோட்டுக்கு டயர் அப்பிடித்தான் தேயும்" என்றார் இவர். "வளைவு வளைவா இருந்தா ஒரு பக்கம் தேயாமல் என்ன செய்யும்?"

பாடசாலையில் அதிபரும் அதையே சொன்னார். எதிர்வீட்டுக்காரரும் அதையே சொன்னார். மலைநாட்டில் எந்த வாகனத்துக்கு என்ன வந்தாலும் குற்றவாளி ஒருவர்தான், அது ரோடு. அந்த முறை பெய்த மழையில் பாதையெல்லாம் பிய்ந்து குழியாகிக் கிடந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வளைவுகள் இடமும் வலமுமாகத்தானே வருகின்றன, பிறகு ஏன் இடது டயர் மட்டும் தேய்கிறது என்று நான் கேட்டேன். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போகேக்கை ஒரு பக்கம், வரேக்கை மற்றப் பக்கம்" என்று ஏதோ தொடங்கி, அவரே குழம்பி நிறுத்திவிட்டார்.

பிலிமத்தலாவையில் புது டயர் இரண்டு வாங்கி முன்னுக்குப் போட்டோம். கண்டி டவுனில் மெஷின் வைத்திருக்கிற ஓர் இடத்தில் அலைன்மென்ட்டும் பார்த்தோம். திரையில் எல்லாம் பச்சை நிறத்தில் வந்தது. சில்லு நேராக நிற்கிறது என்று அர்த்தமாம். பச்சையைக் கண்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

அடுத்த தவணை முடிவதற்குள் புது டயரும் உள்பக்கம் தேயத் தொடங்கியது. இந்த முறை அலை அலையாக. உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் வாள் பல்லைப் போலத் தடக்கும். அதோடு சத்தமும் வந்தது. பள்ளத்தில் விழும்போதும், இடதுபக்கம் ஒடித்துத் திருப்பும்போதும் காலுக்குக் கீழே எங்கேயோ ஒரு 'டக்'. யாரோ கதவைத் தட்டிவிட்டு ஒளித்துக்கொள்வது மாதிரி. ஃபர்ஸானாவிடம், "கேட்டதே?" என்பேன். "என்ன மிஸ்?" என்பாள். இவரிடம் சொன்னால், "உமக்குத்தானே எல்லாம் கேக்கும்" என்பார்.

சத்தத்துக்குப் பயந்தவளாகப் பேர் எடுத்துவிட்டால் இதுதான் கதி. உண்மையான சத்தம் வரும்போது ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஒரு நிமிட வேலை

வத்தேகமவில் முருகேசு அண்ணன் என்று ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். தோட்டத்து லொறிகள் பழுது பார்த்துப் பழகியவர். எங்கள் பாடசாலையில் பாதிப் பேரின் மோட்டார் சைக்கிள்கள் அவர் கையால்தான் ஓடுகின்றன. ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது அங்கே காரை நிறுத்தினேன். ஃபர்ஸானாவுக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் ஏற்கெனவே பாதையைக் கடந்து நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் அவசரமாகச் சொன்னேன்.

"அண்ணை, முன்னுக்கு இடப்பக்கம் சில்லு சத்தம் போடுது."

"ஓடும்போதா டீச்சர்?"

"ஓம், ஓடேக்கைதான். அதை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ."

"சரிங்க டீச்சர். எடுத்துடலாம்."

தேய்வைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். சில்லைக் கழற்றினால் அது தானாகவே அவர் கண்ணில் படும்தானே என்று விட்டுவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியைத் தனியே ரோடு கடக்க விட்டோமே என்று பின்னாலே ஓடினேன்.

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் கார் அப்படியே நின்றது. முருகேசு அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துப் பாத்தாச்சோ?"

"எடுத்தாச்சு டீச்சர். சின்னச் சில்லுதான், ஒரு நிமிசத்துல வந்துருச்சு. இனி சத்தம் வராது."

என் கார் ஜப்பானின் சின்னக் கார். சில்லும் சின்னதுதான். தோட்டத்து லொறியின் சில்லுகளைக் கழற்றிப் பூட்டுகிற மனிசனுக்கு இது ஒரு நிமிட வேலையாகத்தான் இருக்கும் என்று நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். காசு கொடுக்கப் போனபோது, இதுக்கெல்லாமா டீச்சர் என்று மறுத்துவிட்டார். எவ்வளவு நல்ல மனிசன் என்று வழியெல்லாம் ஃபர்ஸானாவிடம் புகழ்ந்துகொண்டு வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகு சத்தம் குறைந்த மாதிரித்தான் இருந்தது. ஆறுதல் சொல்ல ஆள் கிடைத்துவிட்டால் பயந்தவளின் காது தானாக அடைத்துக்கொள்ளும். அந்தக் கிழமை முழுக்க நான் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன்.

எந்தச் சில்லு?

இனி அந்த மழைப் பாதைக்கு வருகிறேன்.

விரலில் இரத்தத்தோடு நின்றுகொண்டு தொலைபேசியை எடுத்தேன். சிக்னல் ஒரே ஒரு கோடு. மேட்டுப்பக்கம் இரண்டடி ஏறி நின்றதும் முருகேசு அண்ணனுக்கு மணி போனது. எனக்குக் கொஞ்சம் கோபம். கழற்றிப் பார்த்தவருக்கு இது தெரியாமல் போகுமா?

"அண்ணை, நான் டீச்சர். போன கிழமை நீங்கள் எடுத்துப் பாத்த சில்லு. டயர் உள்ளுக்குத் தேஞ்சு கம்பி வெளியில வந்திட்டுது. எடுக்கேக்கை உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"எந்தச் சில்லு டீச்சர்? அன்னைக்கு எடுத்தேனே, அதுவா?"

"ஓம், அதுதான்."

"அத அப்பவே தூக்கி வீசிட்டேனே."

"வீசிட்டீங்களோ?"

"ஆமா டீச்சர். டயர் கட்டைக்குள்ள மாட்டியிருந்த கல்லுச் சில்லு. இத்துனூண்டு. அது ரோட்டுல பட்டுத்தான் டிக்கு டிக்குன்னு சத்தம் வந்திருக்கு. ஸ்க்ரூ ட்ரைவரால நெம்பி எடுத்துட்டேன்."

கீழே ஃபர்ஸானா கார்க் கதவைத் திறந்து திரும்ப உள்ளே ஏறிக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்குச் சில்லு, வண்டிக்குச் சில்லு, காருக்கும் சில்லு. வேறு வார்த்தையே எங்கள் வாயில் வராது. முருகேசு அண்ணனுக்கு அது வீல். அவருக்குச் சில்லு என்றால் உடைந்த துண்டு. கண்ணாடிச் சில்லு, ஓட்டுச் சில்லு, கல்லுச் சில்லு. நான் பாடசாலையில் படிப்பிப்பது என்ன பாடம் தெரியுமா? தமிழ். 'சில்லு' என்ற சொல்லை வைத்து வசனம் எழுதச் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் 'கண்ணாடிச் சில்லு காலில் குத்தியது' என்றே எழுதியிருந்தார்கள். நான் அதற்குச் சரி போட்டு, இன்னொரு பொருளும் உண்டு என்று கரும்பலகையில் ஒரு வட்டமும் கீறிக் காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் கராஜுக்குள் நின்று, ஒரு சொல்லை வைத்து ஒரு கல்லை எடுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அண்ணை" என்றேன். "நாங்கள் வீலைத்தான் சில்லு எண்டு சொல்லுறது."

அந்தப் பக்கம் ஸ்பானர் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"டீச்சர், வண்டி இப்ப ஓடுதா, நிக்குதா?"

"நிக்குது. பன்வில இறக்கத்தில, பாலக்கட்டடியில."

"திருப்பும்போது டக்குனு ஏதாச்சும் கேக்குமா?"

"கன நாளாக் கேக்குது."

"அப்பிடின்னா ஸ்டியரிங்கத் தொடாதீங்க. ஒரு அடிகூட நகட்டாதீங்க. புள்ளத்தாச்சி டீச்சர் உள்ளயா இருக்காங்க? மொதல்ல அவங்கள எறக்குங்க டீச்சர். நான் வர்றேன்."

அவர் குரலில் இருந்த பயம்தான் என்னை முழுதாகப் பயப்படுத்தியது. அதுவரை நான் என் பழைய பயத்தைத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

பஸ்

ஃபர்ஸானாவை இறக்க ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. டயரில் காற்றுப் போய்விட்டது என்றேன். அவள் குடையை விரித்துக்கொண்டு மேட்டுப்பக்கத்துப் பாலக்கட்டில் போய் உட்கார்ந்தாள். நான் இரண்டு கல்லைப் பொறுக்கிப் பின்சில்லுகளுக்கு முன்னால் அணை வைத்தேன். கார் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நின்றது. பாதி பாதையை அடைத்துக்கொண்டு வேறு.

கீழேயிருந்து பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

வளைவில் அது திரும்பியதும் ஹார்ன் அடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டே வந்து என் காருக்கு முன்னால் மூச்சு வாங்கி நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டினார்.

"நோனா, வாகனே அயின் கரன்ன!"

காரை எடுக்கச் சொல்கிறார். எடுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. ஓரமாக்கினால் போதும், இரண்டடி போதும் என்று கையால் காட்டினார். பஸ் நிறையச் சனம். எல்லோரும் ஜன்னலால் என்னைப் பார்த்தார்கள். பின்னால் ஒரு முச்சக்கர வண்டியும் ஹார்ன் அடித்தது.

அந்த இரண்டடியை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டேன். அந்தச் சரிவில், அந்தப் பள்ளத்துப் பக்கமாக ஒடித்துத்தான் காரை ஓரமாக்க வேண்டும். காலை வெளியே எடுத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போய், காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்றேன். இரண்டு கையையும் விரித்தேன்.

"பே!" என்று கத்தினேன். முடியாது என்பதற்கு அந்த ஒரு சொல்தான் வாயில் வந்தது. "பே! பே!"

வீட்டில் கதிரை இழுபட்டாலே குறுகுகிற பெண்பிள்ளை நான். அன்றைக்கு ஒரு பஸ்ஸை மறித்தேன் என்று சொன்னால் இவரே இன்னும் நம்புவதில்லை. தைரியம் ஒன்றுமில்லை, பஸ்ஸை விட அந்தச் சில்லுக்குத்தான் அதிகம் பயந்திருந்தேன். சத்தம் கேட்டு நடத்துநர் இறங்கி வந்தார். நான் டயரைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அம்மோ" என்றார். பிறகு அவரே முன்னால் நடந்து, தேயிலைச் செடிகள் உரச உரச, அங்குலம் அங்குலமாகப் பஸ் காரைத் தாண்டிப் போக வழி காட்டினார்.

பாலக்கட்டில் இருந்தபடி ஃபர்ஸானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இது காத்துப் போன மாதிரித் தெரியல்லியே" என்றாள்.

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். கல்லுச் சில்லுக் கதைக்கு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, பாதையின் மறுபக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தாள்.

தூக்கியதும்

முருகேசு அண்ணன் முச்சக்கர வண்டியில் ஜாக்கும் கையுமாக வந்து இறங்கினார். எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே டயரிடம் போய்க் குந்தினார். கையை உள்ளே விட்டுத் தடவினார். ஒரு பக்கமாகத் தடவிவிட்டு, எதிர்ப்பக்கமாகவும் தடவினார்.

"அன்னைக்கு இத நான் தொட்டிருக்கணும் டீச்சர். கல்லு கண்ணுல பட்டுச்சு, அதோட விட்டுட்டேன்."

"நானும் தேய்வைச் சொல்லேல்லை அண்ணை."

"குழியில விழுற அடியத் தாங்குற ஷொக் செத்துப் போச்சு, அதான் அலை அலையாத் தின்னுருக்கு. உள்பக்கம் இப்பிடித் தேயுறது வேற. அது வீலைப் புடிச்சிருக்கிற எடத்துல ஆட்டம்."

அலைன்மென்ட் பார்த்தோமே, எல்லாம் பச்சையாக வந்ததே என்றேன்.

"நின்ன எடத்துல நேராத்தான் காட்டும் டீச்சர். ரோட்டுல எறங்கி நாலு குழியில விழுந்ததும் மறுபடி சாஞ்சிரும்."

கீழே ஒரு மூட்டு இருக்கிறதாம், போல் ஜொயின்ட் என்று பெயர். எங்கள் தோள் எலும்பு குழிக்குள் உருள்கிற மாதிரி ஒரு இரும்பு உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் உருளும். மேலே ஒரு றப்பர் மூடி. அது கிழிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். பிறகு இரும்போடு இரும்பு தேயும். கிண்ணம் பெருத்துவிடும், சில்லு சாயும், காரின் பாரமெல்லாம் டயரின் உள்பக்கத்தில் விழும். டயர் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். நாங்கள் ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

"மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாத்தாத் தெரியும். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க."

ஜாக்கை வைத்துத் தூக்கினார். கார் மெல்ல எழும்பியது. சில்லு நிலத்தை விட்டதும் அவர் ஜாக்கை நிறுத்தி, ஒரு கையால் டயரின் மேல்பக்கத்தையும் மறுகையால் கீழ்ப்பக்கத்தையும் பிடித்தார். ஆட்டவில்லை. பிடித்தார், அவ்வளவுதான். சில்லின் கீழ்ப்பக்கம் அவர் கையோடு வெளியே வந்தது. உள்ளே எங்கேயோ இரும்பு விழுந்து தொங்குகிற சத்தம். முருகேசு அண்ணன் பின்னால் சரிந்து ஈர ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

சில்லு காலொடிந்த மாதிரிக் கோணலாகத் தொங்கியது.

"கழட்டிட்டீங்களா?" என்று ஃபர்ஸானா கேட்டாள்.

"நான் கழட்டல்லம்மா." அவர் உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்தார். "இது ஏற்கெனவே கழண்டிருக்கு. வண்டி பாரம் அமுக்கிக்கிட்டு இருந்ததால எடத்துல நின்னுருக்கு. இன்னொருவாட்டி ஒடிச்சுத் திருப்பியிருந்தா..."

அடுத்த திருப்பம் எங்களுக்குத் தெரிகிற தூரத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்துக்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபர்ஸானா பார்த்தாள். இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. எல்லோருக்கும் முன்னால், மழையில், ரோட்டில் நின்று அழுதேன். முருகேசு அண்ணன் எழும்பி, "விடுங்க டீச்சர், விடுங்க" என்றார்.

பின்சீட்டு

முருகேசு அண்ணன் காரை லொறியில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனார். இரண்டு பக்கமும் போல் ஜொயின்ட், ஷொக், டயர் எல்லாம் புதிது. இரண்டு முன்சில்லுகளையும் என் கண் முன்னால் மேலும் கீழும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிக் காட்டினார். அசையவில்லை. அப்படியும் என் முகம் தெளியாததைப் பார்த்து, "நானும் வர்றேன் டீச்சர், ஒருவாட்டி மேல போய் எறங்கிப் பாப்போம்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

போகும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது, அந்த இடத்தைத் தாண்டி அடுத்த வளைவுக்காக ஸ்டியரிங்கை ஒடித்தேன். கடைக்கண்ணால் பார்த்தேன். முருகேசு அண்ணனின் கை கதவுக்கு மேலே உள்ள பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவரே பூட்டிய சில்லு அது.

"என்ன அண்ணை?"

"ஒன்னுமில்ல டீச்சர். பழக்கம்."

பழக்கம் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. இருந்தும் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பயப்படுகிறவர் பூட்டிய சில்லு என்றால் இரண்டு தரம் இறுக்கியிருப்பார்.

திங்கட்கிழமை மடவளைச் சந்திக்கு வரும்போது ஃபர்ஸானா நிற்கமாட்டாள் என்றே நினைத்தேன். நிற்காமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். பஸ்ஸில் போவாள், அல்லது லீவைக் கொஞ்சம் முன்னதாக எடுப்பாள். உம்மாவிடம் என்ன சொல்லியிருப்பாளோ என்ற பயம் வேறு. ஆனால் அவள் வழமையான இடத்தில் பையோடு நின்றாள். உம்மாவும் பக்கத்தில் நின்று எனக்குக் கையசைத்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் குனிந்து பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். ஃபர்ஸானா அதைப் பார்த்தாள். மெதுவாகச் சாத்தினாள். காரைச் சுற்றி வந்து எனக்கு நேர் பின்னால், வலதுபக்கச் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"காலை நீட்டி இருக்கலாம் மிஸ், வயித்துக்கு லேசு" என்றாள்.

பின்சீட்டில் காலை நீட்ட இடமே இல்லை. முன்சீட்டில்தான் இடம் இருக்கிறது. அந்தச் சீட்டுக்கு நேர் முன்னால், அவள் கால் வைக்கிற இடத்துக்குச் சற்று முன்னேதான் அந்தச் சில்லு.

"ஓம் பிள்ளை, அதுதான் நல்லது" என்றேன்.

பக்கத்துச் சீட்டு வெறுமையாகக் கிடந்தது. வத்தேகம தாண்டி ஏறத் தொடங்கினோம். புது டயர் ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டது. வழக்கமாக அந்த இடத்தில் அவள் பிள்ளைகளின் பரீட்சைத்தாள்களில் எழுதியிருந்த பகிடிகளைச் சொல்லிக்கொண்டு வருவாள். பின்கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்கு அவள் உதடுகள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன; ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

அந்த வளைவு வந்தது.

"மிஸ்" என்றாள்.

"என்ன பிள்ளை?"

என் சீட்டின் முதுகுப்பக்கத்தை அவள் கை இறுக்கிப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது.

"ஒண்டுமில்ல மிஸ். நீங்க ஓட்டுங்கோ."